தசமியின் வரப்பு

கரஞ்சமாலி மலைமேல் இயந்திரம் ஏறிய நாளிலிருந்து தசமிக்கு இருந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கூழைக் கரைத்துக் குடிக்க உட்கார்ந்தால் பாதிக் குடுக்கையிலேயே எழுந்துவிடுவாள். ஆட்டுக்குத் தழை கட்டப் போனவள் தழையைக் கையில் பிடித்தபடியே ஓடையைப் பார்க்கப் போய்விடுவாள். "உன் கால்ல என்ன எறும்பா ஏறியிருக்கு?" என்று அவள் புருஷன் லக்கியா கேட்பான். அவனுக்கென்ன, மலைமேல் ரோடு வெட்டுகிற இடத்தில் சிவப்புக் கொடி பிடிக்கிற வேலை. பொக்லைன் பின்னால் வரும்போது கொடியை ஆட்ட வேண்டும், முன்னால் போகும்போது சும்மா நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து சும்மா நிற்பதில் தேர்ந்தவனுக்கு அந்த வேலை நன்றாகவே பொருந்தியது.

"ரோடு யாருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ரிக்கு, அதான் துளை போடற மெஷினு, மேல போகணும்ல. மலை வயித்துல ஓட்டை போட்டு, குழாய் குழாயா கல்லை உருவி, பெட்டில அடுக்கிப் பாப்பாங்களாம். நல்ல கல்லு இருந்தா அப்புறம் யோசிப்பாங்க, இல்லைன்னா போயிடுவாங்க. ஓட்டை இம்புட்டுதான்னு வேலையப் பாத்துக்கற ரவுத் பாபு சொன்னாரு." இரண்டு கைகளாலும் வட்டம் காட்டினான். சுரைக்குடுக்கையின் வாய் அளவுதான் இருந்தது.

"ஓட்டை இம்புட்டுன்னா ரோடு எதுக்கு அம்புட்டு அகலம்?"

லக்கியா கொட்டாவி விட்டான். கொடியைச் சுருட்டிக் கூரையில் செருகிவிட்டுப் படுத்தான், உடனே தூங்கியும் போனான். தசமிதான் புரண்டுகொண்டிருந்தாள். ஓடையின் சத்தம் மாறியிருந்தது. எப்படி மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பேசிக்கொண்டே நடக்கிறவர் திடீரென்று தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பேசுவதுபோல இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

சிந்திகுடா ஊரில் நெல் என்றால் ஜோலா நெல்தான், ஓடைப்படுகை நெல். மலைச்சரிவில் கேழ்வரகும் சாமையும் வரும், அது வருகிற வருஷம் வரும், வராத வருஷம் வராது. நெல் விளைவது கரஞ்சமாலியின் ஊற்றிலிருந்து இறங்குகிற ஓடையில். ஓடைக்கரையில் அல்ல, ஓடைக்குள்ளேயே. படுகையைப் படிப்படியாக வரப்புப் போட்டு மறித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வயலாக்கி வைத்திருக்கிறார்கள். கோடையில் தண்ணீர் ஓரத்துக் கால்வாயில் ஒல்லியாக ஓடும். ஆஷாட மாதத்தில் முதல் வெள்ளம் சிவப்பாக இறங்கும்போது அந்தக் காலைப் பாறைக்கல் உருட்டி அடைத்து, தலைமடையைத் திறந்து, ஓடையை அப்படியே வயலுக்குள் விடுவார்கள். காட்டின் மக்கிய இலையும் புழுக்கையும் சாம்பலும் அந்தத் தண்ணீரில்தான் வரும். அதை ஒருமுறை குடித்த வயலுக்கு வருஷம் முழுக்க வேறு எரு வேண்டாம். மேல் வயல் நிரம்பியதும் கீழ்மடையை உதைத்துத் திறப்பார்கள், அடுத்த வயல் குடிக்கும், பிறகு அதற்கடுத்தது. முதல் சிவப்புத் தண்ணீரைத் தன் வயலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறவரை ஊர் சும்மா விடாது. ஒரு ஆடும் ஒரு பானை லண்டாக் கள்ளும் அபராதம். சித்திரையில் சைத்ர பண்டிகை திரும்ப வரும்வரை அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் வயல் தசமியுடையது. லக்கியாவுடையது என்றும் சொல்லலாம், ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்த வயலைச் சமன்செய்ததும், வரப்பில் பொந்து விழாமல் காத்ததும், அதிலிருந்து நெல்லைச் சுமந்து வந்ததும் அவள்.

அதற்கு நேர் கீழே டம்ருவின் வயல். டம்ரு லக்கியாவின் சித்தப்பா மகன், தசமிக்குக் கொழுந்தன் முறை. வாய் நீளம், மண்வெட்டி அதைவிட நீளம். ஒவ்வொரு உழவுக்கும் வரப்பின் அடியில் புல் செதுக்குகிறேன் என்று ஆரம்பித்து, புல்லோடு ஒரு விரல்கடை மண்ணையும் சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். தசமி இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது அந்த வரப்பில் இரண்டு பேர் கூடையோடு எதிரெதிரே ஒதுங்கிப் போகலாம். இப்போது ஒற்றை ஆளே பாதத்தைப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது.

"கொழுந்தா, என் வரப்பு எங்க?" என்று அவள் கேட்பாள்.

"எலி தின்னிருக்கும் அண்ணி."

"அந்த எலிக்கு மீசை இருக்கு, இடுப்புல துண்டும் இருக்கு."

ஊர்க்கூட்டத்தில் இரண்டு தடவை பேசியாயிற்று. ஊர்த்தலைவர் நாயக் வந்து பார்த்து, தலையைச் சொறிந்து, மண்ணுக்கு வாயில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். தசமி விடவில்லை. வருஷம் தவறாமல் கேட்டாள், அவனும் வருஷம் தவறாமல் சிரித்தான்.

அன்று காலையில் பெய்ததை மழை என்று சொல்ல முடியாது. மலைமுகட்டில் மட்டும் ஒரு மேகம் உரசிக்கொண்டு போனது. ஊரில் முற்றம்கூட நனையவில்லை. ஆனால் தசமி வழக்கம்போல் கூழைப் பாதியில் வைத்துவிட்டு ஓடைக்குப் போனபோது, தண்ணீர் சிவந்து வந்துகொண்டிருந்தது. கால்வாய் கொள்ளாத தண்ணீர். அவளுக்கு மார்பு விம்மியது. இத்தனை நாள் பயந்ததெல்லாம் வீண்பயம் என்று தோன்றி, தன்னையே நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

"சிவப்புத் தண்ணி வந்துடுச்சு! எழுந்து வாங்க, சிவப்புத் தண்ணி!" என்று தொண்டை கிழியக் கூவினாள். முதலில் பார்ப்பதும் முதலில் கூவுவதும் மேல் வயல்காரியின் உரிமை.

டம்ரு மண்வெட்டியோடு ஓடிவந்தான். கடைசி வயல் சோமாரி அத்தை, பல் இல்லாத வாயைத் திறந்தபடி கம்பை ஊன்றி வந்தாள். மற்றவர்களும் வந்து அவரவர் மடையில் நின்றார்கள். இரண்டு ஆண்களைச் சேர்த்துக்கொண்டு தசமி பாறையை உருட்டி ஓரத்துக் காலை அடைத்தாள். கடப்பாரையால் தலைமடையை நெம்பினாள். தண்ணீர் மடையின் இரண்டு பக்கத்தையும் பிய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. இந்த மடை ஒருமுறை திறந்தால் அறுப்புவரை மூடாது. மூடவும் முடியாது.

பிறகு வழக்கப்படி அவள் குனிந்து ஒரு கை அள்ளினாள். மேல் வயல்காரி முதல் தண்ணீரை முகர்ந்து, நெற்றியில் பூசி, நல்ல தண்ணீர் என்று சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் கீழே இருக்கிறவர்கள் தங்கள் மடைகளை வெட்டித் தயார் செய்வார்கள்.

முகர்ந்தாள். இலை வாசனை இல்லை. சாம்பல் வாசனையும் இல்லை. கிணறு தோண்டும்போது ஆழத்திலிருந்து வருகிற குளிர்ந்த வாடை அடித்தது. அவள் கை ஒரு நொடி அப்படியே நின்றது.

ஊரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. டம்ரு, "என்ன அண்ணி, உப்புப் போதலையா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தசமியும் சிரித்துவிட்டாள். அந்தச் சேற்றை நெற்றியில் பூசிக்கொண்டு, "நல்ல தண்ணி!" என்றாள்.

அங்கேதான் அவள் தவறினாள். சந்தேகம் வந்த பிறகும் சொன்னாள். இத்தனை பேரின் சந்தோஷத்தை நிறுத்தி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கீழே மண்வெட்டிகள் சரசரவென்று விழ ஆரம்பித்தன. ஒவ்வொருவரும் தங்கள் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு வரப்புகளில் குந்தினார்கள். இனி மேல் வயல் நிரம்ப வேண்டும், அதுவரை புகையிலையும் கேலியும்தான்.

தசமி வரப்பின்மேல் அங்கும் இங்கும் நடந்தாள். உட்காரவில்லை. ஒரு தடவை வயலுக்குள் இறங்கிக் காலால் துழாவினாள். மற்ற வருஷங்களில் சருகும் விதைத்தோலும் விரல்களுக்கிடையில் நெருடும். இப்போது எதுவும் நெருடவில்லை. வழுவழுப்பாகக் காலைக் கவ்வியது, இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. நெற்றி இறுகிக்கொண்டே வந்தது. தடவிப் பார்த்தாள். பூசிய சேறு காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது. நகத்தால் சுரண்டியதும் பானை ஓட்டுச்சில்போல ஒரு துண்டாகப் பெயர்ந்து கையில் விழுந்தது. விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கினாள். பொடியவில்லை.

சில்லை உதறிவிட்டு மலைப்பக்கம் திரும்பினாள்.

"இதோ வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் யாரும் கீழ்மடையத் தொடக் கூடாது," என்றாள்.

"எங்க போற?" என்றாள் சோமாரி அத்தை. "தண்ணிய வயல்ல விட்டுட்டு யாராச்சும் மலைக்குப் போவாங்களா?"

"ஆட்டை அவுத்து விட்டுட்டேன் அத்தை." பொய்தான். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"அண்ணிக்கு அண்ணனைப் பாக்காம இருக்க முடியல," என்று டம்ரு பின்னாலிருந்து கத்தினான். "சீக்கிரம் வாங்க, இல்லைன்னா நானே உதைச்சுத் தொறந்துடுவேன்!"

ஓடையின் ஓரமாகவே ஏறினாள். மேலே போகப் போகத் தண்ணீர் கெட்டியாகிக்கொண்டு வந்தது. நாவல் மரத்தடியில் எப்போதும் நண்டு பிடிக்கிற குழி சேற்றால் மூடிக் கிடந்தது. கற்களின்மேல் இருந்த பச்சைப்பாசி முழுக்கச் சிவப்புப் பூச்சு. கிழங்கு தோண்டப் போகும்போது அவள் குனிந்து தண்ணீர் குடிக்கிற ஊற்றுக்கண் எங்கே என்று தேடினாள். அதன்மேல் ஒரு சாய்ந்த மரமும், மரத்தின்மேல் மண்ணும், மண்ணின்மேல் இன்னும் மண்ணும் கிடந்தன. எல்லாம் மேலேயிருந்து தள்ளிவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். மலையின் விலாவில் ரோடு.

ஆட்டுப் பாதையை ஒட்டித்தான் ரோடு போகும் என்று லக்கியா சொல்லியிருந்தான். ஆட்டுப் பாதையை ஒட்டித்தான் போயிருந்தது. ஆனால் ஆடு ஓடையைத் தாண்டுகிற இடத்தில் ஒரு தாவு தாவும், அவ்வளவுதான். ரோடு அங்கே மலையை உள்பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை எல்லாம் வெளிப்பக்கம் சரித்து, ஓடைக்கு ஒரு சிமெண்ட் குழாயை மட்டும் விட்டு வைத்திருந்தது. அந்தக் குழாயின் வாயில் ஒரு மரவேர் சிக்கிக்கொண்டிருந்தது. அதனால் தண்ணீர் ரோட்டின்மேல் தேங்கி நின்றது. அந்தத் தேக்கத்தின் நடுவில், ஒரு பக்கச் சக்கரம் பாதி புதைந்து, ரிக் ஏற்றிய லாரி சாய்ந்து நின்றது. பத்துப் பதினைந்து பேர் அதற்குக் கல் போட்டுக்கொண்டிருந்தார்கள். லக்கியா ஓரமாக நின்று கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான், யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

"நீ எங்க இங்க?" என்றான் அவளைக் கண்டதும்.

"நம்ம வயலுக்குள்ள இந்த மண்ணு வந்துக்கிட்டிருக்கு. என் கையால தொறந்து விட்டுட்டேன்."

லக்கியாவின் முகம் வெளுத்தது. "இன்னும் மழையே வரலையே, அதான் மண்ணு தள்ளுறதை உன்கிட்ட சொல்லல. தண்ணி வந்தா முதல்ல நீதான் மோந்து பாப்பியேன்னு நினைச்சேன்."

"மோந்து பார்த்தேன்," என்றாள். நெற்றியில் ஒட்டியிருந்த மிச்சச் சேற்றைச் சுரண்டினாள்.

ரவுத் பாபு மழைக்கோட்டோடு வந்தார். கட்டாக் பக்கத்து மனிதர், தூக்கம் கெட்ட கண்கள். கெட்டவர் இல்லை. கூலியாட்களுக்குத் தன் டீயைக் கொடுக்கிறவர் என்று லக்கியாவே சொல்லியிருக்கிறான். "என்னம்மா?" என்றார்.

"பாபு, இந்த மண்ணை ஏன் இந்தப் பக்கம் தள்ளுனீங்க? கீழ நெல் வயலு இருக்கு."

"வேற எங்கம்மா தள்ளுறது? மலை ஒரே பக்கம்தானே சரிஞ்சிருக்கு. மண்ணை அள்ளிட்டுப் போக டிப்பர் கேட்டேன், அனுப்பல. ஓட்டை போட்டு முடிஞ்சதும் சரிவுல புல் விதை தூவிடுவோம்."

"புல்லு எப்ப வளரும், மழை எப்ப வரும்?"

அவர் வானத்தைப் பார்த்தார். முகட்டுக்குப் பின்னால் வானம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டுப் பொக்லைன்காரனிடம் கத்தினார். "அந்த விளிம்பை வெட்டி விடு! தேங்குன தண்ணி வெளிய போகணும். இப்பவே. மழை வந்தா லாரி மொத்தமா முழுகிடும்!"

"எந்த விளிம்பு?" என்று தசமி லக்கியாவைக் கேட்டாள்.

அவன் கையால் காட்டினான். ஓடைக்கு நேர் மேலே, சரித்துவிட்ட மண்குவியலுக்கு நேர் மேலே.

"அதை வெட்டுனா குவியல் மொத்தமும் இறங்கிடுமே. சொல்லு, நீ சொல்லு அவர்கிட்ட!"

"சொன்னா கேப்பாரா? லாரி போச்சுன்னா அவரு வேலை போச்சு. நான் என்ன பண்ணட்டும் தசமி, என் கையில இருக்கறது கொடி."

"அப்ப அதை ஆட்டு," என்றாள். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. "மழை வருதுல்ல, மழைக்கு நேரா நின்னு ஆட்டு. நிக்குதான்னு பாப்போம்."

திரும்பி ஓடினாள். வழுக்கினாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். பின்னால் பொக்லைன் உறுமத் தொடங்கியது. பெரிய துளிகள் இலைகளில் படபடவென்று விழ ஆரம்பித்தன.

வயலுக்கு வந்ததும் முதலில் தலைமடைக்குத்தான் போனாள். ஒரு கல்லை உருட்டிப் போட்டாள். தண்ணீர் அதைப் புரட்டி உள்ளே தள்ளியது. ஓரத்துக் காலை அடைத்த பாறையில் தோள் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு ஆண்களோடு உருட்டிய பாறை அவள் ஒருத்திக்கு அசையவா போகிறது? ஆளைக் கூப்பிட்டு விளக்கவும் நேரமில்லை. கீழே பார்த்தாள். படிப்படியாக வயல்கள், எல்லா மடையும் அகலத் திறந்தபடி. அவள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித் திறந்து வைத்தவை. மேலே இருக்கிற குவியல் இறங்கினால் டம்ருவின் வயலிலும் நிற்காது, அதற்கடுத்ததிலும் நிற்காது, சோமாரி அத்தையின் பாய் அகல வயல்வரைக்கும் போய் உட்கார்ந்து ஓடாகிவிடும். பிறகு ஊருக்கே நெல் கிடையாது.

அந்த மண்ணை நிறுத்தி வைக்கக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது. அதில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கீழ்மடை உதைத்தால் திறக்கிற மாதிரி மெல்லிய புல்கரணையால் அடைத்த மடை. அதை உயர்த்த வேண்டும், கெட்டியாக்க வேண்டும். மண்ணைத் தொட்டால் கூழ். எதைப் போட்டாலும் கரையும். வேர் பின்னிய மண் வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தாள். வயலின் மேட்டு மூலையில் அவள் நாற்றங்கால் பச்சையாக, ஒரு சாண் உயரத்துக்கு, காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

அவள் நின்று யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டாள். மண்வெட்டியை எடுத்து நாற்றங்காலில் போட்டாள். நாற்று வேரோடும் மண்ணோடும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. மார்போடு அணைத்துத் தூக்கிவந்து மடையில் அழுத்தினாள். மறுபடி ஓடினாள்.

மழை மறைத்ததில் கீழே இருப்பவர்களுக்கு அவள் குனிந்து குனிந்து மடையில் எதையோ வைப்பது மட்டும்தான் தெரிந்தது. முதலில் கேலிதான் வந்தது. "அண்ணி, உங்க வயலுக்கு அடியில ஓட்டையா? எம்புட்டு குடிக்கும்?" என்றான் டம்ரு. பிறகு கேலி நின்றது.

"மடைய அடைக்கிறா!" என்று யாரோ கத்தினார்கள்.

"தசமி, என்னடி பண்ற?" சோமாரி அத்தையின் குரல் கிறீச்சிட்டது. "முதல் தண்ணிய மறிக்கிறியா? நீயா?"

தசமி அடுத்த பாளத்தை மடையில் அழுத்தினாள்.

"வரப்பு மண்ணுக்கு வஞ்சம் தீக்கிறா," என்றான் டம்ரு. "என் வயலக் காயப்போடப் பாக்கறா. ஆடு குடுக்கணும் அண்ணி! பெரிய கிடா குடுக்கணும்!" சொல்லிக்கொண்டே மண்வெட்டியோடு மேலே ஏறி வந்தான். பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள். டம்ருவின் கண் சிவந்திருந்தது. வரப்பு மண்ணைத் திருடுகிறவனுக்கும் தண்ணீரைத் திருடுகிறவளைக் கண்டால் கோபம் வரத்தான் செய்யும்.

மடையை உடைக்க மண்வெட்டியை ஓங்கினான். ஓங்கியது ஓங்கியபடி நின்றது.

மடையில் அடைத்திருந்தது நாற்று. பாளம்மேல் பாளமாக, பச்சைத் தலைகள் நசுங்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவன் தலையைத் திருப்பி மேட்டு மூலையைப் பார்த்தான். நாற்றங்கால் இருந்த இடத்தில் பள்ளம். தண்ணீரைத் திருடுகிறவள் அந்தத் தண்ணீரில் நட வேண்டிய நாற்றைப் பிடுங்கியா மடையை அடைப்பாள்? டம்ரு வாய் நீளமானவன்தான், ஆனால் முட்டாள் இல்லை.

"என்ன வருது அண்ணி?" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"மலை வருது," என்றாள் தசமி. "அது நல்ல தண்ணி இல்ல. நான்தான் நல்ல தண்ணின்னு சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன்."

அவன் பதில் சொல்வதற்குள் சத்தம் கேட்டது. தண்ணீரின் சத்தம் இல்லை. கனமாக, அரைத்துக்கொண்டு வருகிற சத்தம். ஓடையின் திருப்பத்தில் ஒரு முழு மரம் வேரோடு தெரிந்தது. அதன் பின்னால் கஞ்சிபோலக் கெட்டியாகச் சிவப்பு. தலைமடையில் மரம் மோதிச் சிக்கிக்கொண்டது. அதன் மேலாகவும் கீழாகவும் சேறு வயலுக்குள் கொட்டியது. ஒரு நிமிஷத்தில் முழங்கால் அளவு ஏறிவிட்டது. கீழ்மடையின் நாற்றுப் பாளங்கள் முனகின, ஆனால் பிடித்துக்கொண்டன.

வரப்புதான் பிடிக்கவில்லை. நடுவில், டம்ரு வருஷா வருஷம் புல் செதுக்கின இடத்தில், அது மெல்ல வயிறு தள்ளியது. அதன் அடிப்பக்கத்தில் நூல்போலச் சிவப்பு கசிய ஆரம்பித்தது.

தசமி டம்ருவைப் பார்த்தாள். டம்ரு வரப்பைப் பார்த்தான்.

"எலி," என்றாள் தசமி.

டம்ரு கீழே தன் வயலுக்குள் குதித்தான். உழுது, மிதித்து, சமன்செய்து நடவுக்கு வைத்திருந்த வயல். அதில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டான். வெட்டி வெட்டி வரப்பின் அடியில் எறிந்தான். அவன் பெண்டாட்டி, "நம்ம வயலையா?" என்று அலறினாள். "நம்மளது இல்ல, அண்ணியோட மண்ணு!" என்று அவன் திருப்பிக் கத்தினான். "எல்லாம் அவங்களது. கூடைய எடுத்துட்டு வா!"

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. சிலர் மண் சுமந்தார்கள், சிலர் மூங்கிலை வெட்டி வரப்பின் அடியில் அறைந்தார்கள். நாற்றுப் பாளம் போதாமல் போனபோது டம்ரு தன் நாற்றங்காலையும் கொத்தினான், ஒரு மூலை அளவுக்கு. சோமாரி அத்தை தன் குட்டி வயலிலிருந்து ஒரு கை நாற்றைப் பிடுங்கி, மடிக்குள் வைத்து, கம்பை ஊன்றி அத்தனை படியும் ஏறி வந்து தசமியிடம் கொடுத்தாள். அந்த ஒரு கை எதற்கும் ஆகாது. தசமி அதையும் மடையில் அழுத்தினாள். வரப்பின் தூர மூலையில் ஒரு தட்டைக்கல்லைப் பதித்து, மேலே தெளிந்த தண்ணீர் மட்டும் வழிகிற மாதிரி ஒரு நாக்கு வைத்தார்கள். வழிந்த தண்ணீர் கலங்கலாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீராக இருந்தது. சேறு மேலேயே தங்கியது.

மழை விட்டபோது மாலை வெயில் சாய்வாக வந்தது. சேற்றில் முக்கி எடுத்த ஆட்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ லண்டாப் பானையைக் கொண்டுவந்தார்கள். அபராதப் பானை இல்லை, டம்ருவின் வீட்டுப் பானை. முதல் குடுக்கையைத் தசமியிடம் நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள்.

லக்கியா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்தான். கொடி கையிலேயே இருந்தது, நனைந்து கம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. லாரியை மீட்டுவிட்டார்களாம். விளிம்பு மொத்தமும் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். நாளைக்குத் திரும்ப ரோட்டை வெட்ட ஆள் வேண்டுமாம், ரவுத் பாபு கேட்கச் சொன்னாராம். லண்டாக் குடுக்கை அவனைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனது. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு மேல்பக்கம் பார்த்தான். கரையிலிருந்து கரைவரை மழமழவென்று சிவப்பு, நடுவில் ஒரு மரத்தின் வேர்.

"நம்ம வயலு எங்க?" என்றான்.

"அடியில இருக்கு," என்றாள் தசமி. "மேல கிடக்கறது நீ காலையில மிதிச்சு நின்ன மண்ணு. உனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடுச்சு."

அவன் கொடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு டம்ருவின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். வெட்டுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

அடுத்த மழைக்கு இன்னும் மண் வரும். அதற்கடுத்ததற்கும் வரும். நாளைக்குக் காலையில் எல்லோருமாக மேலே போய் அந்த ரோட்டில் உட்காருவது என்று பேசிக்கொண்டார்கள். நாயக்கைக் கூட்டிப்போக வேண்டும், பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும் என்றார்கள். தசமி தலையாட்டினாள். அவளும் போவாள். ஆனால் இப்போது அவளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

எழுந்து வரப்பின்மேல் நடந்தாள். எதிரே சோமாரி அத்தை கூடையோடு வந்தாள். இருவரும் பழக்கத்தில் பாதத்தைக் குறுக்கி ஒதுங்கினார்கள், பிறகு ஒதுங்க வேண்டிய அவசியமில்லை என்று கண்டு நின்றார்கள். வரப்பு அகலமாக இருந்தது. அவள் மருமகளாக வந்த வருஷத்தில் இருந்த அகலம், அதைவிட ஒரு சாண் கூடவும் இருக்கலாம். ஒவ்வொரு உழவுக்கும் கேட்டுக் கேட்டு வாய் வலித்த மண் மொத்தமும் திரும்பி வந்திருந்தது.

டம்ரு கீழே தன் வயலின் பள்ளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். "போதுமா அண்ணி?" என்றான்.

தசமி அந்த அகலமான வரப்பின் நடுவில் உட்கார்ந்தாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் எழுந்திருக்கத் தோன்றாமல் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஊரின் வயல்கள் கலங்கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இறங்கிப் போயின. இன்னொரு பக்கம், அந்த வரப்பு எந்த வயலுக்காகவோ, அந்த வயல் இல்லை. சேற்றின் ஓரத்தில் வெயில் பட்ட இடம் அதற்குள் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் ஒரு சில்லைப் பெயர்த்தெடுத்து விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். பொடியவில்லை. பிறகு வாய்விட்டு அழுதாள்.